கீழே என்பது எந்த இடம்

பெரியம்மாவை ஆவடிப் பக்கத்தில் ஒரு மருத்துவமனைக்கு நான்தான் அழைத்துப் போனேன். அவருக்கு அப்போது 67 வயது. மாதவிடாய் நின்று பதினைந்து வருடங்களுக்கு மேலாகியிருந்தது. உள்பாவாடையில் கறை படுவதை இரண்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் துவைத்து, கொடியில் மற்ற துணிகளுக்கு அடியில் காயப்போட்டிருக்கிறார். நான் தற்செயலாகப் பார்த்த பிறகுதான் “ஒரு மாதிரியா இருக்கு கண்ணு” என்றார்.

மருத்துவர் இளைஞர். வெளியே நீண்ட வரிசை இருந்தும் அன்பாகவே கேட்டார்.

“என்னம்மா பிரச்சினை, எங்க?”

“கீழ டாக்டர்.”

“கீழன்னா? வயிறா, மோஷன் போற இடமா, யூரின் போற இடமா?”

பெரியம்மா மூன்றாவதற்குத் தலையசைத்தார். மருத்துவர் சிறுநீர்த் தொற்றுக்கு மாத்திரை எழுதினார்.

நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். தமிழில் முனைவர் பட்டம் பெற்றவள். உடலை எழுதுகிற கவிஞர் என்று மேடைகளில் அறிமுகப்படுத்தப்படுகிறவள். “அந்த இடம் இல்லை டாக்டர்” என்று சொல்ல எனக்கு ஒரே ஒரு சொல் தேவைப்பட்டது. யோனி என்று சொன்னால் கோயில் சிற்பத்துக்கு விளக்கம் சொல்வதுபோல் இருக்கும். பிறப்புறுப்பு என்றால் செய்தித்தாள். புண்டை என்பது பேருந்துப் படிக்கட்டில் தொங்குகிற பையன்கள் ஒருவரை ஒருவர் வைதுகொள்ளும் சொல். ஆங்கிலச் சொல் தெரியும், அதையும் பெரியம்மா முன்னால் சொல்ல நா எழவில்லை. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு பட்டாபிராமுக்கு ஆட்டோ பிடித்தோம். ஏழு மாதம் கழித்து, வேறொரு இடத்தில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்றார்கள். மூன்றாம் நிலை.

பரிசோதிக்காமல் எழுதியது அந்த மருத்துவரின் தவறு. வாய் திறக்காதது என் தவறு. இரண்டையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் என் தவறுக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அது என் துறையின் வரலாறும்கூட. அதைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறேன்.

தமிழ் இளங்கலை முதலாண்டிலேயே நன்னூலின் தகுதி வழக்கைப் படித்துவிடுகிறோம். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. கால் கழுவி வந்தான் என்பது இடக்கரடக்கல் என்று எழுதினால் இரண்டு மதிப்பெண். தொல்காப்பியத்தில் இதற்குப் பெயர் அவையல் கிளவி: அவையில் சொல்லத் தகாத சொல். இருபது வருடங்களாக இதை நடத்துகிறேன். அந்த அவையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒரு முறையும் மாணவிகளிடம் கேட்டதில்லை. பெண்கள் மட்டும் கூடியிருக்கும் பிரசவ அறை ஓர் அவையாக இருந்திருந்தால், அங்கே தகாத சொற்கள் வேறாக இருந்திருக்குமே.

இதில் வேடிக்கை, நம்முடைய பழைய இலக்கியத்துக்கு இந்தக் கூச்சம் கிடையாது. அல்குல் என்ற சொல் சங்கப் பாடல்களில் வெகு இயல்பாக, பெரும்பாலும் புகழ்ச்சியாக வருகிறது. நான் மாணவியாக இருந்தபோது எங்கள் பேராசிரியர் அந்தச் சொல்லுக்கு வரும்போதெல்லாம் குரலைத் தாழ்த்தி, “இடுப்பு, இடுப்பு” என்று இரண்டு முறை சொல்லிக் கடந்துவிடுவார். பிற்பாடு நானே சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினேன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த அந்த அகராதி, தமிழில் ஒரு பொருளும் ஆங்கிலத்தில் ஒரு பொருளும் தரும். இந்தச் சொல்லுக்கு ஆங்கிலமும் போதாமல் இலத்தீனுக்குத் தாவியிருக்கிறது: புடெண்டம் முலியெப்ரே. அக்காலத்து ஆங்கில அகராதிக்காரர்களின் பழக்கம் அது. கூச்சமான இடம் வந்தால் இலத்தீன் திரையை இழுத்துவிடுவார்கள், படித்த ஆண்களுக்கு மட்டும் புரியும்.

அந்த இலத்தீன் தொடரின் பொருள் என்ன தெரியுமா? வெட்கப்படுதல் என்ற வினையிலிருந்து வந்தது புடெண்டம். பெண்ணிடத்தில் வெட்கப்பட வேண்டியது என்று அர்த்தம். சங்கக் கவிஞர் தேர்த்தட்டுக்கும் பாம்பின் படத்துக்கும் ஒப்பிட்டு வியந்த ஒன்றுக்கு, இருபதாம் நூற்றாண்டின் அகராதி வெட்கம் என்று உரை எழுதிவிட்டது. அந்த ஒப்புமைகள் ஆண் கண்ணின் ஒப்புமைகள்தாம், மறுக்கவில்லை. ஆனாலும் வியப்பிலிருந்து வெட்கத்துக்கு நாம் வந்தது தமிழ் மரபின் வழியாக மட்டுமல்ல என்பதை இந்த ஒரு பதிவு காட்டிக்கொடுக்கிறது. உலக உடற்கூற்றியலாளர்கள் தங்கள் பன்னாட்டுப் பெயர்ப்பட்டியலின் இரண்டாம் பதிப்பை 2019இல் வெளியிட்டபோது பெண்ணுறுப்பைக் குறித்த அந்தப் பெயரை நீக்கிவிட்டார்கள். அதே வேரில் பிறந்த நரம்பின் பெயரை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். நம் பேரகராதியில் அது அப்படியே நிற்கிறது.

இனி மருத்துவச் சொற்களுக்கு வருவோம். ஆங்கிலத்தில் வஜைனா என்கிறோம். இலத்தீனில் அது வாளின் உறை. வாள் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. தமிழ்க் கலைச்சொல்லாக்கக்காரர்கள் இதற்கு மாற்றாகப் புணர்புழை என்றார்கள், கலவிக்கால்வாய் என்றார்கள். பள்ளி உயிரியலிலேயே இவை உண்டு. உறை போய்ப் புழை வந்தது, பார்வை மாறவில்லை. வடமொழியிலிருந்து வந்த யோனிக்குப் பிறப்பிடம், மூலம் என்று பொருள். பிறப்புறுப்பு அதன் தமிழ் வடிவம் போலவே இருக்கிறது. ஆக ஒரு வகைச் சொற்கள் கணவனை வைத்துப் பெயரிடுகின்றன, இன்னொரு வகை பிள்ளையை வைத்துப் பெயரிடுகின்றன. என் பெரியம்மா கணவரை இழந்து பதினெட்டு வருடம் ஆகிறது, பிள்ளை பெற்று நாற்பது வருடம். அந்த உறுப்பு அத்தனை வருடமும் அவரோடு இருந்தது. அவரை மட்டும் வைத்து அதற்குப் பெயர் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

செய்தித்தாள்களின் மர்ம உறுப்பு இன்னொரு கதை. மர்மம் என்பது ஆயுர்வேதத்தில் அடிபட்டால் உயிர் போகக்கூடிய இடம். சுசுருதர் 107 மர்மங்களைக் கணக்கிடுகிறார்; நம் ஊரில் வர்மம் என்பதும் அதுதான். உயிர்நிலை என்று பொருள்பட்ட சொல், தமிழில் இரகசியம் என்று திரிந்து, நிருபர்களின் கையில் துப்பறியும் கதைத் தலைப்பைப் போல ஆகிவிட்டது.

தமிழில் நவீன மருத்துவத்தை முதலில் விரிவாக எழுதியவர் யாழ்ப்பாணத்தின் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன். 1847இல் வந்தார், மறு ஆண்டே மருத்துவ வகுப்பு தொடங்கினார், மானிப்பாயிலிருந்து 1873 வரை வேலை செய்தார். அவர் கையால் நடந்த மொழிபெயர்ப்புகளின் பட்டியலைப் பார்த்தால் இன்றும் மலைப்பாக இருக்கும். கிரேயின் உடற்கூற்று நூல் லண்டனில் 1858இல் வந்தது. 1872இல் அது ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆகத் தமிழில் இருக்கிறது. தமிழால் அறிவியல் முடியுமா என்று நாம் இன்னும் மேடை போட்டு விவாதிக்கிறோமே, அவர் விவாதிக்கவில்லை, செய்தார். அவர்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

ஆனாலும் அங்காதிபாதம் என்ற சொல்லை என்னால் சும்மா கடக்க முடியவில்லை. அனாடமிக்கு இப்படியொரு பெயர். தமிழ் படித்தவர் காதில் உடனே கேசாதிபாதமும் பாதாதிகேசமும் ஒலிக்கும். தலைமுதல் கால்வரை, கால்முதல் தலைவரை உறுப்பு உறுப்பாக வருணிக்கும் சிற்றிலக்கிய முறை அது. தலைவியின் உடலைக் கவிஞர் பிரித்துப் பிரித்துப் பார்த்த அதே வரிசையை அறுவை மேசைக்கும் பெயராக வைத்திருக்கிறார்கள் என்பது என் வாசிப்பு. பெயர் வைத்தவர் அப்படி நினைத்தார் என்று சொல்லவில்லை. அவருக்கு உதவிய பண்டிதர்களின் செவியில் அந்த ஓசை இருந்திருக்கும்.

1857இல் ‘பிரசவ வைத்தியம்’ வந்தது. அயர்லாந்து மருத்துவர் மவுன்செலின் நூலைத் தழுவியது. அந்த வகுப்பில் இதைப் படித்தவர்கள் ஆண்கள். அதே வருடத்தில் யாழ்ப்பாணத்திலும் பூவிருந்தவல்லியிலும் பிள்ளைகள் பிறந்தது பெண்களின் கையில். பிரசவத்தைப் பற்றிய அச்சுச் சொற்கள் ஓர் அறையிலும், பிரசவத்தின் பேச்சுச் சொற்கள் இன்னோர் அறையிலுமாக, இரண்டும் சந்திக்காமலே வளர்ந்தன. எனக்கு இந்த நூலைப் பற்றிய வருத்தம் இதுதான். ஒரு மருத்துவச்சியை உட்காரவைத்து, “நீங்கள் இதை எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்டு எழுதிய சொல்பட்டியல் அப்போதும் வரவில்லை, பிறகு வந்த சொல்லாக்கக் குழுக்களின் காலத்திலும் வரவில்லை.

மருத்துவச்சி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவன் என்றால் நோய் தீர்ப்பவன். அதன் பெண்பால் அதே பொருளில் நிற்கவில்லை. பிள்ளைப்பேறு பார்ப்பவளாகச் சுருங்கிவிட்டது. 1912இல் முத்துலட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து பட்டம் பெற்று வெளியே வந்தபோது அவரை மருத்துவச்சி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொன்னால் அவமதிப்பு. ஏன் அவமதிப்பு? கிராமத்து மருத்துவச்சிகள் பெரும்பாலும் நாவிதர் குடும்பத்துப் பெண்கள். பிரசவத் தீட்டைத் தொட்டவர்கள். கூலியாகப் படி நெல்லும் பழைய புடவையும் பெற்றவர்கள். அவர்களுடைய அறிவை வாங்கிக்கொண்ட வீடுகள் அவர்களை வாசலோடு நிறுத்தின. சொல்லில் ஒட்டிக்கொண்டது சாதி. பெண்ணியம் பேசும்போது நாமும் இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிவிடுகிறோம்.

அந்தப் பெண்கள் விட்டுப்போன சொற்களைப் பாருங்கள். கருவைச் சூழ்ந்த நீர்ப்பைக்கு பனிக்குடம். எந்தப் புலவரும் இதைவிட நன்றாகச் செய்திருக்க முடியாது. குட்டி ரேவதி பெண்ணெழுத்துக்கென்று நடத்திய இதழுக்கு இந்தச் சொல்லையே பெயராக வைத்தார். அவர் சித்த மருத்துவம் படித்தவர் என்பதும், 2002இல் ‘முலைகள்’ என்று தொகுப்புக்குப் பெயர் வைத்ததற்காக வசைபாடப்பட்டவர் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். காப்பியத்திலும் பக்திப் பாடலிலும் ஆண்களின் எழுத்தில் நூற்றாண்டுகளாகக் கிடந்த சொல், ஒரு பெண் நூலின் அட்டையில் எழுதியதும் ஆபாசமாகிவிட்டது.

நஞ்சுக்கொடியை யோசித்துப் பாருங்கள். ஒன்பது மாதம் பிள்ளைக்கு ஊட்டிய உறுப்புக்கு நஞ்சு என்றா பெயர் என்று ஒரு மாணவி கோபப்பட்டாள். அந்தக் கோபம் எனக்குப் பிடித்தது. ஆனால் பிள்ளை வெளியே வந்தபின் அது உள்ளேயே தங்கிவிட்டால் உதிரப்போக்கிலும் காய்ச்சலிலும் தாய் செத்துப்போவாள். அதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் ஓர் எச்சரிக்கையாகவே கேட்டிருக்கும். மாட்டுக்கு அதையே இளங்கொடி என்பார்கள், வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவார்கள். மனுஷிக்கு நஞ்சு, மாட்டுக்கு இளங்கொடி. என் மாணவியின் கோபத்தில் இன்னும் கொஞ்சம் நியாயம் மிச்சமிருக்கிறது.

அதிகப்படியான உதிரப்போக்குக்குப் பெரும்பாடு. கிறித்தவ வீட்டுப் பெண்களுக்கு இந்தச் சொல் நன்றாகத் தெரியும். இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டுக் குணமான அந்தப் பெயரில்லாத பெண்ணின் நோய்க்குத் தமிழ் வேதாகமம் தந்த பெயர் அது. நோயின் பெயரிலேயே அவள் பட்ட பாட்டையும் சேர்த்துவிட்ட சொல். கர்ப்பத்துக்கு “முழுகாம இருக்கா” என்பார்கள். மாதம் தவறாமல் தலைமுழுகியவள் இந்த மாதம் முழுகவில்லை. அவ்வளவுதான், ஊருக்கே செய்தி. மாதவிடாயில் இருக்கும் விடாய்க்குத் தாகம், களைப்பு என்று பொருள்; அது உடம்பின் பக்கத்திலிருந்து பேசுகிறது. மாதவிலக்கு வீட்டின் பக்கத்திலிருந்து பேசுகிறது, திண்ணையில் போய் உட்கார் என்கிறது. நான் என் வகுப்பில் இரண்டாவதைப் பயன்படுத்துவதில்லை.

பாட்டிமார் சொன்னதெல்லாம் தேன் என்று நான் சொல்ல வரவில்லை. தீட்டு என்று நம்மைத் தள்ளிவைத்ததும் மலடி என்று சுட்டதும் பெரும்பாலும் பெண்களின் வாய்தான். அம்பத்தூர், பூவிருந்தவல்லி நெடுஞ்சாலைகளில் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் சிரிக்கும் பெண் யாருடைய வாயிலிருந்து தப்பி அங்கே வந்து சேர்ந்தாள் என்று பேருந்தில் போகும்போது நினைத்துக்கொள்வேன்.

சொல் எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதற்குக் கன்னித்திரை போதும். ஹைமன் என்பது கிரேக்கத்தில் வெறும் சவ்வு. உடம்பில் எத்தனையோ சவ்வுகள் இருக்கின்றன. தமிழில் சொல்லாக்கியவர் அதன்முன் கன்னியைச் சேர்த்தார். உடற்கூற்று நூலுக்குள் ஒரு தீர்ப்பை எழுதிவைத்தார். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணை இருவிரல் சோதனைக்கு உட்படுத்துவதை நிறுத்தச் சொல்லி 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம், இனி அதைச் செய்பவர் நன்னடத்தை தவறியவர் ஆவார் என்றது. விரலை எடுத்தாயிற்று. பாடப்புத்தகத்தில் கன்னித்திரை தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

பெரியம்மாவின் நோய் வேறு வகை. கர்ப்பப்பையின் கீழ்முனைக்கு இலத்தீன் வைத்த பெயர் கழுத்து. செர்விக்ஸ் என்றால் அதுதான். தமிழ் அதை வாய் என்கிறது. இங்கே தமிழ் சரியாகப் பார்த்திருக்கிறது என்று நினைக்கிறேன். உள்ளே கருவி வைத்துப் பார்க்கிற மருத்துவருக்குத் தெரிவது கழுத்தைவிட வாயைப் போலத்தான் இருக்கும். பார்க்க முடிகிற இடம் என்பதுதான் இதில் முக்கியம். திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுவரையிலான பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, நிறம் வெளுக்கிறதா என்று பயிற்சி பெற்ற செவிலியர்கள் வெறும் கண்ணால் பார்த்தார்கள். இந்த நோயால் ஏற்படும் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். ஒரே ஒரு முறை பார்த்ததற்கு. அப்படிப் பார்க்க வேண்டுமானால் முதலில் அந்த இடம் இருக்கிறது என்று அந்தப் பெண் சொல்ல வேண்டும், அல்லது யாராவது அவளிடம் சொல்ல வேண்டும்.

அந்த வருடம் என் வகுப்பில் ஒரு வேலை செய்தேன். இடக்கரடக்கல் நடத்தி முடித்ததும் ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்தேன். பெயர் எழுத வேண்டாம், உங்கள் வீட்டில் அந்த இடத்துக்கு என்ன சொல்வார்கள் என்று எழுதுங்கள் என்றேன். பாதிப் பெண்களின் அம்மாக்கள் அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். சிலர் திருநின்றவூரிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் காலை ரயிலில் வருகிறவர்கள். பெரும்பாலான தாள்களில் ‘அது’, ‘அங்க’, ‘கீழ’. நாலைந்தில் ‘சூசூ’. ஒன்றில் ஆங்கிலச் சொல், தப்பான எழுத்துக்கூட்டலோடு. ஒன்றில் “அம்மா ‘உடம்பு’ன்னுதான் சொல்வாங்க” என்று இருந்தது. இதை நான் நெடுநேரம் கையில் வைத்திருந்தேன். முழுச்சொல்லையும் அந்த ஒரு இடத்துக்குக் கொடுத்துவிட்ட அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. இரண்டு தாள்கள் காலியாக வந்தன. பேருந்துச் சொல்லை ஒருத்தி மட்டும் எழுதியிருந்தாள், கீழே அடைப்புக்குறிக்குள்: “சாரி மேம், வேற தெரியாது.”

அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். பொதுவில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே தமிழ்ச்சொல் அதுதான், அதை ஆண்கள் ஆண்களைத் திட்ட எடுத்துக்கொண்டார்கள். அதைத் திரும்ப வாங்கி மருத்துவர் முன்னால் வைக்க முடியுமா என்று தெரியாது, என்னால் இன்னும் முடியவில்லை. இப்போதைக்கு யோனி என்கிறேன், வகுப்பில் சத்தமாக, முழங்கால் என்று சொல்வதுபோல. முதல் வாரம் சிரித்தார்கள். மூன்றாம் வாரம் குறிப்பெடுத்தார்கள்.

பெரியம்மா நோய் தெரிந்தபின் இரண்டு வருடம் இருந்தார். கதிர்வீச்சுக்குப் போகும் நாட்களில் அவருக்கு நோட்டில் படம் வரைந்து காட்டினேன்: இது சிறுநீர் வருகிற துளை, இது யோனி, இதன் உள்ளே போனால் கர்ப்பப்பை வாய், உங்களுக்கு அங்கேதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “மூணு வழியா இருக்கு?” என்றார். மூன்று பிள்ளை பெற்றவர்.

ஒரு நாள் வார்டில் புதிதாக வந்த பயிற்சி மருத்துவர், ஒரு சின்னப் பெண், அவசரமாகக் கட்டில் கட்டிலாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

“எங்க பாட்டி வலி?”

“வாய்ல” என்றார் பெரியம்மா, தெளிவாக.

அந்தப் பெண் சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்து, “ஆ காட்டுங்க” என்றாள். பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் உடம்பு குலுங்கச் சிரித்தார்.

“அந்த வாய் இல்லம்மா” என்றார் அவளிடம், “கர்ப்பப்பை வாய். நோட்டு கொண்டாந்திருக்கு, காட்டச் சொல்லட்டா?”